அப்பள மாவு பறக்குத இடத்துல லேப்டாப்: சூடாகி 0.78 கிகாஹெர்ட்ஸ்ல நிக்குது

கல்லிடை_கணக்கு

அண்ணாச்சிகளே, கல்லிடைக்குறிச்சியில அப்பளக் கம்பெனி ஒண்ணுல டேலி (கணக்கு எழுதுத சாஃப்ட்வேர்) போடுத லேப்டாப். இன்டெல் ஐ5-8250யூ, 8 ஜிபி ரேம், 1 டிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, ஒரு தடவை கூட திறந்தது கிடையாது. காலையில கால் மணி நேரம் ஒழுங்கா ஓடுது. அப்புறம் ஃபேன் இரைச்சல், கீபோர்டுல இடது பக்கம் கை வைக்க முடியல, டேலியில எழுத்து ஒவ்வொண்ணா வந்து விழுது. டாஸ்க் மேனேஜர் 0.78 கிகாஹெர்ட்ஸ்னு காட்டுது. ரெண்டு தடவை தானாவே அணைஞ்சிட்டு. கூலிங் பேடு வாங்கினா போதுமா, இல்ல போர்டு போயிட்டா?

பேட்டை_ரிப்பேர்

தம்பி, அதுக்குள்ள போர்டுக்குப் போகாதீங்க. இந்த சிப்போட அடிப்படை வேகம் 1.6, பூஸ்ட்ல, அதாவது வேலை கூடும்போது தானா ஏறுத வேகத்துல, 3.4 வரை போகும். 100 டிகிரியைத் தொட்டா தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் குறைச்சிடும். 0.78 வந்ததுக்கு அதுதான் காரணமான்னு முதல்ல பாக்கணும்.

எச்டபிள்யூஇன்ஃபோன்னு சூடு, வேகம் எல்லாம் காட்டுத சாஃப்ட்வேரைப் போட்டு சென்சார் பக்கத்தைத் திறந்து வைங்க. எல்லாத்தையும் மூடிட்டு பத்து நிமிஷம் சும்மா விட்டு சிபியூ சூட்டைக் குறிச்சுக்கோங்க. நம்ம ஊர் வெயிலுக்கு 45, 50 இருந்தா பரவாயில்ல. சும்மா இருக்கும்போதே 70ன்னா காத்து போகலன்னு அர்த்தம். அப்புறம் கனமா ஒரு வேலை கொடுத்துட்டு ஏறுத விதத்தைப் பாருங்க. ரெண்டு மூணு விநாடியில 50ல இருந்து 95க்குத் தாவினா சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் (சிப் சூட்டை இழுத்து வெளிய தள்ளுத உலோகத் தகடு) நடுவுல சூட்டைக் கடத்துத பேஸ்ட் காஞ்சு போச்சு. அஞ்சு பத்து நிமிஷத்துல மெதுவா ஏறினா ஹீட்சிங்க் தகடு அடைச்சிருக்கு. காத்து வெளிய வருத ஓட்டைகிட்டக் கையும் வச்சுப் பாருங்க. சிப் கொதிக்குது, காத்து மட்டும் நல்ல வேகத்துல குளிர்ச்சியா வருதுன்னா சூடு தகடு வரைக்கும் வந்தே சேரல. காத்தே சொற்பமா வந்தா அடைப்பு.

இன்னொண்ணு. சூடு 55தான், வேகம் மட்டும் 0.4லயே ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா அது வேற கேஸ். சில மாடல்கள்ல சார்ஜர் முனை நடுவுல உள்ள ஊசி வளைஞ்சாலோ, 65 வாட் கேக்குத மெஷினுக்கு 45 வாட் போட்டாலோ லேப்டாப் வேகத்தைக் கட்டிப்போட்டுடும். சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில ஓட்டுங்க. வேகம் ஏறினா ஆளு சார்ஜர்தான், உள்ள திறக்கவே வேண்டாம்.

கல்லிடை_கணக்கு

பாத்துட்டேன் அண்ணாச்சி. சும்மா இருக்கும்போது 71. வேலை கொடுத்தா எட்டு நிமிஷத்துல 98. காத்து மூச்சு விடுத மாதிரி கொஞ்சூண்டு வருது. பேட்டரியில ஓட்டினாலும் அதே கதைதான்.

பாளை_ஸ்க்ரூடிரைவர்

அடைப்பேதான். உளுந்த மாவு சாதாரணத் தூசி மாதிரி உதிராது. ஈரக்காத்துல பிசுபிசுத்து, உள்ள இருக்குத சூட்டுல காஞ்சு, தகட்டு இடுக்குல பொருக்கா ஒட்டிக்கும். வெளியில இருந்து புளோயர் அடிச்சா மேலாக உள்ளது மட்டும் பறக்கும். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல கம்பளி மாதிரி படிஞ்சது அங்கேயே கிடக்கும். திறந்துதான் ஆகணும்.

ஷட் டவுன் பண்ணி, சார்ஜரைக் கழட்டி, பவர் பட்டனை 15 விநாடி அழுத்திப் பிடிங்க. ஸ்க்ரூவுக்கு பிஹெச்0ங்கிற சின்ன ப்ளஸ் முனை. ரப்பர் காலுக்கு அடியிலயும் ஸ்க்ரூ ஒளிஞ்சிருக்கும், டிவிடி டிரைவ் இருந்தா அதையும் உருவிட்டு மூடியைத் தூக்குங்க. நீளம் வேற வேறயா இருக்கும்கதால ஒரு தாள்ல லேப்டாப் படம் வரைஞ்சு அந்தந்த இடத்துல ஸ்க்ரூவைக் குத்தி வைங்க. நீள ஸ்க்ரூவை குட்டை இடத்துல போட்டா கீபோர்டு பக்கம் முட்டிக்கிட்டு வரும். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழட்டுதது. ஒயரைப் பிடிச்சு இழுக்காம, கனெக்டரோட ரெண்டு ஓரத்தையும் நகத்தால நெம்புங்க. பேட்டரி உப்பியிருந்தா, டச்பேடு மேல தூக்கினாப்புல இருந்தா, அத்தோட நிறுத்திட்டு பேட்டரியை மாத்துத வழியைப் பாருங்க.

ஹீட்சிங்க் ஸ்க்ரூ பக்கத்துல 1, 2, 3, 4ன்னு அடிச்சிருப்பான். கழட்டும்போது 4ல இருந்து 1, மாட்டும்போது 1ல இருந்து 4. ஒண்ணையே முழுசா முறுக்காம ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. சிப் மேல மூடி கிடையாது, ஒரு பக்கம் மட்டும் அழுத்தம் விழுந்தா ஓரம் சில்லு தெறிச்சிடும்.

ஃபேனை ஹீட்சிங்க்ல இருந்து பிரிச்சு, காஞ்ச மெல்லிய பிரஷ்ஷால துடைங்க. காத்து அடிக்கதுன்னா றெக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, கண்டபடி சுத்த விட்டா பேரிங் போயிடும். பொருக்கு விடலன்னா ஃபேன் இல்லாத வெறும் ஹீட்சிங்கை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுத சோப்பு கலந்து ஊற வச்சு அலசலாம். செம்புக் குழாய் வளையக் கூடாது. செம்புதானேன்னு புளி போட்டு விளக்கிடாதீங்க, அலுமினியத் தகட்டைப் புளிப்பு தின்னுடும். ஒரு நாள் முழுக்கக் காய விடுங்க.

பழைய பேஸ்ட்டை 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பஞ்சும் வச்சு ரெண்டு பக்கமும் துடைங்க. பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். புதுப் பேஸ்ட் சிப்போட நீளத்துக்கு மெல்லிசா ஒரு கோடு, ரெண்டு அரிசி அளவு போதும். பக்கத்துச் சின்னச் சிப்புகள் மேல நீல, சாம்பல் நிறத் தெர்மல் பேடு (சூட்டைக் கடத்துத மெத்து) இருந்தா கிழியாம அப்படியே விடுங்க. கிழிஞ்சா அதே கனத்துலதான் வாங்கணும். 1 மில்லிமீட்டர் இருந்த இடத்துல 1.5 வச்சா ஹீட்சிங்க் சிப்பைத் தொடாம நிக்கும், பழையதை விட மோசமா சூடாகும்.

ஃபேன் கரகரன்னா தேங்கா எண்ணெய் விடுதவங்க இருக்காங்க. மாவு அதுலயே அப்பிக்கும். ஃபேன் ஸ்டிக்கர்ல உள்ள பார்ட் நம்பரைப் பாத்து புதுசு மாத்திடுங்க.

வள்ளியூர்_காத்து

கூலிங் பேடு பத்திக் கேட்டீங்களே, அடைச்ச மெஷினுக்கு அது வீண் செலவு. மாவுக் கூடத்துல கீழ இருந்து ஊதுத ஃபேனை வச்சா இன்னும் மாவைத்தான் உள்ள தள்ளும். பின்பக்கம் ரெண்டு இஞ்சு தூக்கி வைக்கிற வெறும் ஸ்டாண்டு போதும். தரையில பாய் விரிச்சு வைக்காதீங்க, மாவு வந்து அடையுத இடமே அதுதான். அறைச் சூடும் கணக்குதான்: அறை 30ல 90 காட்டுத சிப், அறை 37 ஆனா 97க்குப் போயிடும். ஆனி, ஆடியில கணவாய்க் காத்து அடிக்கும்போது சன்னலோரமா வேண்டாம்.

சுத்தம் பண்ணுத வரைக்கும் ஒரு ஒப்பேத்து: பவர் ஆப்ஷன்ஸ்ல மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 100ல இருந்து 99 ஆக்குங்க. பூஸ்ட் நின்னு 1.6ஐத் தாண்டாது. கொதிச்சு 0.78க்கு விழுததுக்கு, நிதானமா 1.6ல ஓடுதது டேலிக்கு எவ்வளவோ மேல்.

கல்லிடை_கணக்கு

திறந்து எல்லாம் செஞ்சாச்சு. தகட்டுல பாதி தோசைக்கருகல் மாதிரி பெயர்ந்து வந்துச்சு. இப்ப சும்மா இருக்கும்போது 46, வேலை கொடுத்தா 76, வேகம் 2.6 நிக்குது. ஆனா ஆன் ஆகி டேலி திறக்க இன்னும் நாலு நிமிஷம் ஆகுது. டிஸ்க் 100 சதவீதம்னு சிவப்பா காட்டுது.

பேட்டை_ரிப்பேர்

சூடு தீந்துட்டு, மிச்சம் டிஸ்க். டிஸ்க் ஆரோக்கியத்தைக் காட்டுத கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேர்ல சி5, அதான் கரன்ட் பெண்டிங் செக்டர் (டிஸ்க் படிக்கத் திணறுத இடங்களோட எண்ணிக்கை), சைபரைத் தாண்டியிருந்தா வேற எதையும் தொடாம டேலி டேட்டா ஃபோல்டரை முதல்ல பென் டிரைவ்ல எடுங்க. அப்புறம் ஹார்டு டிஸ்குக்குப் பதிலா 2.5 இஞ்சு சாட்டா எஸ்எஸ்டி (சுத்துத தட்டு இல்லாத வேகமான டிஸ்க்), 7 மில்லிமீட்டர் கனம், 500 ஜிபி போதும். பழைய டிஸ்க் ஆரோக்கியமா இருந்தா குளோன், அதாவது உள்ளதை அப்படியே நகல், பண்ணலாம், சி5 இருந்தா குளோன் பாதியில நிக்கும், விண்டோஸைப் புதுசா போடுங்க. விண்டோஸ் 10க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிட்டு. எட்டாம் தலைமுறை சிப்பை விண்டோஸ் 11 ஏத்துக்கும், அதனால போடுததை 11ஆவே போட்டுடுங்க.