அப்பா காசில் கை வைக்க விடுகிறார் இல்லை: இது எச்சரிக்கையா, பயமா?

கொட்டாஞ்சேனை மகள் கேட்கிறார்:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். 2021 கடைசியில் அவருடைய ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) காசு கைக்கு வந்தது. அம்மாவின் சேமிப்பும் சேர்ந்து ஏறத்தாழ 60 இலட்சம். அன்றிலிருந்து அது ஒரே வங்கியில், அப்பாவின் பெயரில், ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடக்கிறது. தவணை வைப்பில்கூடப் போடவில்லை. “தேவைப்படும் நேரம் கையில் இருக்க வேணும்” என்பார். அதற்கு மேல் கதைத்தால் எழும்பி பல்கனிக்குப் போய்விடுவார்.

காரணம் எனக்குத் தெரியும். அவரோடு வேலை செய்த ஒரு மாமா, கூடிய வட்டி தருகிறார்கள் என்று ஒரு நிதிக் கம்பனியில் தன் காசு முழுவதையும் போட்டார். மகளின் கலியாணத்துக்கு வைத்திருந்த காசு. கம்பனி விழுந்துவிட்டது. அந்த மாமா கடிதக் கட்டோடு கந்தோர் கந்தோராக அலைந்ததை அப்பா பக்கத்தில் இருந்து பார்த்தவர்.

அவருடைய கவனத்தை நான் குறைத்துச் சொல்ல வரவில்லை. 2021 நவம்பர், டிசம்பரில் நாட்டில் பல இடங்களில் கேஸ் கசிந்து வீடுகளில் வெடித்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்குப் புது சிலிண்டர் வந்தது. அப்பா ஒரு கிண்ணத்தில் சவர்க்காரத்தைக் கரைத்து, பழைய பெயின்ட் தூரிகையால் ரெகுலேட்டரின் கழுத்திலும் குழாய் மாட்டும் இடத்திலும் தடவினார். குழாய் முனையில் கடுகளவு நுரை பொங்கியது, உடைந்தது, மறுபடி பொங்கியது. கிளிப்பை இறுக்கிப் பார்த்தார், நிற்கவில்லை. உடனே சிலிண்டரை மூடி, கதவு யன்னல் எல்லாம் திறந்து, ஒருவரும் சுவிட்சில் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் புதுக் குழாய் வாங்கப் போனார். கேஸ் காற்றை விடப் பாரம், தரையோடுதான் தங்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவரும் அவர்தான்.

அண்ணா கனடாவில் இருக்கிறார். கொழும்புக்கு வடக்கே வத்தளையில் ஒரு காணி வாங்கச் சொல்லி ஞாயிற்றுக்கிழமைகளில் அழைப்பு எடுத்து அப்பாவோடு சண்டை. “நீங்கள் பயந்தே எல்லாவற்றையும் இழந்துவிட்டீர்கள்” என்று போன கிழமை சொல்லிவிட்டார். அப்பா சாப்பிடாமல் படுத்தார்.

எனக்கு இரண்டு பேரையும் விளங்குகிறது. எந்த இடத்தில் எச்சரிக்கை முடிந்து பயம் தொடங்குகிறது? அப்பாவை நோகடிக்காமல் இதை எப்படிக் கதைப்பது?

இரண்டாம் குறுக்குத் தெரு எழுதுகிறார்:

தங்கச்சி, உங்கள் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் துணி வியாபாரம். 2022 மார்ச்சில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது, மே மாதம் 360ஐத் தொட்டது. கடைக்குள் சரக்கு வைத்திருந்தவன் நின்றான், காசாக வைத்திருந்தவன் அதே சரக்கில் பாதிக்குக் கொஞ்சம் கூடத்தான் திருப்பி வாங்க முடிந்தது. காசைக் காசாகவே வைத்திருப்பதுதான் பத்திரம் என்ற எண்ணத்தை எங்கள் தெரு அந்த வருடத்தோடு விட்டுவிட்டது.

காணி ஓடாது. வாங்கிப் போடுங்கள். யோசித்துக்கொண்டே இருந்தால் விலை ஏறிக்கொண்டே இருக்கும்.

வெள்ளவத்தை ஓய்வூதியர் எழுதுகிறார்:

மகள், காலி வீதியில் ஒரு வங்கிக் கிளையின் வைப்புப் பிரிவில் நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அப்பாவின் சவர்க்காரத் தண்ணீர் ஏன் நல்ல எச்சரிக்கை என்று முதலில் பாருங்கள். அதற்கு ஒரு கிண்ணம் தண்ணீரும் கொஞ்ச நேரமும்தான் செலவு. அதைச் செய்யாமல் விட்டால் போவது வீடும் உயிரும், இரண்டும் திரும்பி வராது. அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் தகும். சேமிப்புக் கணக்கில் கிடக்கும் காசின் கதை வேறு. அங்கே எச்சரிக்கைக்கு மாதாமாதம் விலை போகிறது. அந்த விலை வங்கிப் புத்தகத்தில் அச்சாகி வராததால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததை விட 69.8 வீதம் கூடியிருந்தது. உணவு மட்டும் 94.9 வீதம். முந்திய வருடம் 5 இலட்சத்து 90 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு 10 இலட்சம் கொடுக்க வேண்டி வந்தது. 2024 செப்டெம்பரில் பணவீக்கம் பூச்சியத்துக்கும் கீழே போனது, ஆனாலும் பழைய விலை திரும்பி வரவில்லை. மத்திய வங்கி 2022 ஏப்ரல் 8ஆம் திகதி கொள்கை வட்டியை (வங்கிகளோடு தான் கொடுக்கல் வாங்கல் செய்யும் வட்டியை) ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வருடக் கடைசியில் நல்ல வங்கிகளே தவணை வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தன. அப்படிப் போட்டவர்களும் முழுவதும் தப்பவில்லை, ஆனால் அடி குறைந்தது. அப்பா நம்புகிற வங்கியிலேயே, அவர் வழக்கமாக நிற்கும் கவுண்டருக்கு அடுத்த கவுண்டரில் செய்திருக்கக்கூடிய காரியம் அது.

அதற்காக அவரைப் பயந்தவர் என்று சொல்வது அநியாயம். அண்ணாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். அப்பா பார்த்த ஆபத்து உண்மையானது. ஆனால் அந்த மாமா எதனால் விழுந்தார்? முழுக் காசையும் ஒரே இடத்தில் போட்டதால் விழுந்தார். உங்கள் அப்பாவும் இன்றைக்கு அதையேதான் செய்துகொண்டிருக்கிறார்.

இலங்கையில் வைப்புக் காப்புறுதி, அதாவது வங்கி விழுந்தால் வைப்பாளருக்குத் திரும்பக் கிடைக்கும் காசு, ஒரு ஆளுக்கு, ஒரு நிறுவனத்தில், 11 இலட்சம் வரைதான். ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் ஒன்றாகவே கணக்கு. அப்படியென்றால் அந்த 60 இலட்சத்தில் 49 இலட்சம் காப்புறுதிக்கு வெளியே நிற்கிறது. பெரிய வங்கிகள் நாளைக்கே விழும் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு கவனமான மனிதருக்கு இந்தக் கணக்கை ஒருவரும் காட்டவில்லையே என்பதுதான் என் கவலை.

ஒரு சம்பவம். 2023 ஜூன் கடைசியில், அரசு உள்நாட்டில் பட்ட கடனை மறுசீரமைக்கப் போவதாகச் சொல்லி 30ஆம் திகதி வெள்ளியையும் விடுமுறையாக்கியதால், 29ஆம் திகதி வியாழன் முதல் ஜூலை 3 திங்கள் வரை வங்கிகள் தொடர்ந்து பூட்டியிருந்தன. வைப்புகளில் கை வைக்கப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் கதை. புதன்கிழமை எங்கள் கிளைக்குள் நிற்க இடமில்லை. ஒரு அம்மா பெரிய வைப்பு ஒன்றை முதிர்வுக்கு முன்பே உடைத்து, காசைச் சந்தைப் பைக்குள் வைத்து, மேலே ஒரு துவாயைப் போட்டு மூடிக்கொண்டு போனார். முந்திய வருடம் கிடைத்த உயர்ந்த வட்டி அதோடு போய்விட்டது. வட்டி பிறகு இறங்கத் தொடங்கியது, அந்த வீதம் அவருக்கு மறுபடி கிடைக்க வழியே இல்லை. அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் மூன்று வைப்புச் சான்றிதழ்களை மேசையில் விரித்தார். இரண்டு மாதச் செலவுக்கு எவ்வளவு வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிப் பார்த்தார், மிகச் சிறியதை மட்டும் உடைத்தார். பயம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். இவர் முன்கூட்டியே பிரித்து வைத்திருந்ததால் கொஞ்சமாகப் பயப்பட முடிந்தது. கடைசியில் வைப்புகளை ஒருவரும் தொடவில்லை.

அப்பாவிடம் “போடுங்கள்” என்றோ “எடுங்கள்” என்றோ சொல்லாதீர்கள். எவ்வளவு, எத்தனை இடத்தில், எந்தத் தவணைக்கு என்று கேளுங்கள். ஆறு மாதச் செலவு இப்போதிருக்கும் கணக்கிலேயே இருக்கட்டும், அதில் அவர் மனம் ஆறும். அம்மாவின் பங்கை அம்மாவின் பெயரில் போடுங்கள், அவருக்குத் தனியாக 11 இலட்சக் காப்பு உண்டு. மிச்சத்தை மூன்று நான்கு வங்கிகளில் 3 மாதம், 6 மாதம், ஒரு வருடம் என்று வேறுவேறு தவணையில் வைத்தால் அடிக்கடி ஏதாவது ஒன்று கைக்கு வந்துகொண்டிருக்கும். அரசாங்கத்துக்கே கடன் கொடுக்கும் 91 நாள் திறைசேரி உண்டியலும் இருக்கிறது. நிதிக் கம்பனி என்று யாராவது வந்தால், மத்திய வங்கியின் உரிமம் பெற்றோர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்க்காமல் தேநீர்கூடக் குடிக்க வேண்டாம்.

ஹெந்தளைக்காரி எழுதுகிறார்:

காணி ஓடாது என்று சொன்ன அண்ணாவுக்கு: தண்ணீர் காணிக்கு ஓடி வரும்.

நான் வத்தளைப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவள். இங்கே களனி கங்கை கடலில் விழும் இடம் ஒரு பக்கம், ஹமில்டன் கால்வாய் ஒரு பக்கம், வடக்கே முத்துராஜவெல சதுப்பு நிலம். மேடான நல்ல காணிகள் உண்டு. மண் போட்டு நிரப்பிய பள்ளங்களும் உண்டு. வெயில் காலத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது.

காணி பார்க்கப் போகிறவர்கள் தரகரோடு மட்டும் போய்த் திரும்பக் கூடாது. பக்கத்து வீட்டு மதிலில் பழைய நீர்க்கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்குள் கூப்பிட்டால் போய், பிளக் பொயின்ட்டுகள் எங்கே என்று பாருங்கள். சுவரில் இடுப்புக்கு மேலே ஏற்றி வைத்திருந்தால் அவர்கள் தண்ணீரைக் கண்டவர்கள். 2016 மே மாதமும் 2025 நவம்பர்க் கடைசியிலும் களனி பெருகியபோது இந்த ஒழுங்கையில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். ஒரு மழை நாளில் இன்னொரு தரம் போங்கள். உறுதி எழுதும் நொத்தாரிசைக் கொண்டு காணிப் பதிவகத்தில் 30 வருடப் பதிவுகளைத் தேடிப் பாருங்கள், விற்பவர் கொண்டுவருகிற நொத்தாரிசு வேண்டாம். இதற்கெல்லாம் சில கிழமை போகும். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிட்டால் போகட்டும், வேறு காணி வரும்.

அப்பாவுக்கு வயது போகிறது என்பதையும் யோசியுங்கள். நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டி வந்தால் காணியை உடைத்து 2 இலட்சம் எடுக்க முடியாது.

உளவளத்துணையாளர் ஒருவர் எழுதுகிறார்:

கதைக்கும் முறையைப் பற்றி மட்டும் ஒரு விடயம். உளவியலாளர்களான டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979இல் எழுதிய கட்டுரையில், கையில் இருப்பதை இழக்கும் வலி அதே அளவு இலாபத்தின் சந்தோசத்தை விடப் பெரியது என்று காட்டினார்கள். ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று பின்னர் கணக்கிட்டார்கள். ஆகவே அப்பாவிடம் “இவ்வளவு வட்டி கிடைக்கும்” என்று சொன்னால் ஏறாது. “இப்போது இவ்வளவு போய்க்கொண்டிருக்கிறது” என்று சொன்னால் காது கொடுப்பார். ஐயா காட்டிய 49 இலட்சக் கணக்கு அந்த வகை.

இன்னொன்று. செய்து கெட்டது உடனே சுடும், செய்யாமல் விட்டது நாள் போகப் போகத்தான் வலிக்கும் என்று தாமஸ் கிலோவிச்சும் விக்டோரியா மெட்வெக்கும் 1995இல் எழுதினார்கள். அந்த மாமாவின் அலைச்சலை அப்பா கண்ணால் பார்த்தார். சேமிப்புக் கணக்கில் கரைந்ததை எந்த முகத்தில் பார்ப்பது? அண்ணா அதைத்தான் இப்போது எடுத்துக் காட்டப் பார்க்கிறார், ஆனால் குற்றச்சாட்டாகக் காட்டுகிறார். 2022ஐ விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த மூன்று மாதத்தைப் பற்றி மட்டும் கதையுங்கள். அந்த மாமாவைப் பற்றி அப்பாவே ஒரு முறை முழுதாகச் சொல்லட்டும், இடையில் ஒன்றும் திருத்த வேண்டாம்.

கொட்டாஞ்சேனை மகள்:

எல்லோருக்கும் மனம் நிறைந்த நன்றி. நேற்று இரவு வெள்ளவத்தை ஐயா எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். மாமாவும் அவரும் செய்தது ஒன்று என்ற இடத்தில் கையை நீட்டிப் போனை வாங்கினார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானே ஒருமுறை வாசித்தார். கோபப்படவில்லை. “11 இலட்சம்தானா? நிச்சயமாகத் தெரியுமா?” என்று கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து மூன்று வங்கிகளின் பெயரை எழுதி, அதில் ஒன்றை வெட்டி, வேறொன்றை எழுதினார்.

காணி இப்போதைக்கு இல்லை என்று அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். மழைக்காலத்தில் அவர் வரும்போது ஹெந்தளை அக்கா சொன்ன மாதிரி எல்லோரும் போய்ப் பார்ப்பதாக முடிவு.

ஐயா, அப்பா கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று: வட்டியை மாதாமாதம் எடுப்பது நல்லதா, முதிர்வில் எடுப்பது நல்லதா?

வெள்ளவத்தை ஓய்வூதியர்:

அவருக்கு வேறு ஓய்வூதியம் இல்லையென்றால் ஒரு வருட வைப்புக்கு மாத வட்டி எடுக்கட்டும், வீதம் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. மற்றவை முதிர்வில். 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 இலட்சத்துக்குள் என்றால் அதற்கான பிரகடனப் படிவத்தை ஒவ்வொரு வங்கியிலும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும், அப்போது பிடிக்க மாட்டார்கள். முன்கூட்டி உடைத்தால் வட்டி எவ்வளவு குறையும் என்பதையும் கையெழுத்துப் போடுமுன் கேட்டு, சான்றிதழின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.