650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போட்டா சிஸ்டம் 650 வாட்டும் இழுக்குமா?

தூங்காதமௌஸ் கேட்டது:
எல்லாருக்கும் வணக்கம். நான் வாரத்துல ரெண்டு ராத்திரி பிளெண்டர்ங்கிற 3டி சாஃப்ட்வேர்ல ரெண்டர் (சீன ஃப்ரேம் ஃப்ரேமா படமா மாத்துற வேலை) போட்டுட்டு தூங்கப்போயிடுவேன், ஒரு 8 மணி நேரம் ஓடும். சில சீன் கிராபிக்ஸ் கார்டு மெமரிக்குள்ள அடங்காது, அதனால சிபியுலதான் (பிராசஸர்) ரெண்டர். எஸ்எம்பிஎஸ் மேல 650 வாட்னு போட்டிருக்கு, அப்போ 650 x 8 = 5.2 யூனிட், ஒரு ராத்திரிக்கே இவ்ளோவான்னு வீட்ல எல்லாரும் என்னையே பாக்குறாங்க. ஆனா பிராசஸர் பெட்டில 65 வாட்னுதான் இருக்கு. எத நம்புறது? சிஸ்டம்: ஐ5-12400 பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டு, ரெண்டு ரேம் ஸ்டிக், ஒரு என்விஎம்இ எஸ்எஸ்டி, ஒரு பழைய 3.5 இன்ச் ஹார்ட் டிஸ்க், மூணு ஃபேன். பகல்ல ஒரு 10 மணி நேரம் சும்மா பிரவுசர், பாட்டுன்னு ஆன்லயே கெடக்கும்.

வாட்டுவாத்தியார்:
ரெண்டையும் நம்பாதீங்க ப்ரோ 😄 650ங்கிறது அந்த எஸ்எம்பிஎஸ் அதிகபட்சம் எவ்ளோ குடுக்கும்ங்கிறது, உள்ள இருக்குற பார்ட்ஸ் எவ்ளோ கேக்குதோ அவ்ளோதான் அது குடுக்கும். பெரிய குடத்துல தண்ணி இருக்குங்கிறதுக்காக யாரும் குடத்தையே குடிக்கிறதில்லல்ல, அந்த மாதிரி.

அடுத்து அந்த 65 வாட். இன்டெல் 12வது தலைமுறைலேர்ந்து டிடிபிங்கிற பேரையே விட்டுட்டு ரெண்டு நம்பரா குடுக்குறான், உங்க 12400க்கு பேஸ் பவர் 65, டர்போல (வேகத்த கூட்டி ஓடும்போது) அதிகபட்சம் 117. டர்போ லிமிட் கொஞ்ச நொடிதான், அப்புறம் 65க்கு எறங்கணும்னு கணக்கு, ஆனா நெறைய மதர்போர்டுல அந்த நேரக் கட்டுப்பாட்டையே தூக்கிவிட்டுடுறாங்க, அதனால ரெண்டர் மாதிரி நீளமா ஓடுற வேலைல 65ஐ தாண்டியே நிக்கலாம். ஏஎம்டிலயும் இதே கததான், ரைசன் 5 3600க்கு 65 வாட்னு போட்டிருப்பான், மதர்போர்டு சாக்கெட்டுல அது இழுக்க அனுமதி 88 வாட் வரைக்கும். டிடிபிங்கிறதே கூலர் எவ்ளோ சூட்ட வெளிய தள்ளணும்னு சொல்றதுக்கு வந்த நம்பர், அத கரண்ட் கணக்குக்கு எடுத்தா இப்படித்தான் உதைக்கும்.

எச்டபிள்யூ-இன்ஃபோங்கிற சாஃப்ட்வேர போட்டு ரெண்டர் ஓடும்போது "சிபியு பேக்கேஜ் பவர்" என்ன காட்டுதுன்னு பாத்து சொல்லுங்க.

தூங்காதமௌஸ்:
பாத்தேன், 74லேர்ந்து 76க்குள்ள ஆடுது, பத்து நிமிஷம் ஆகியும் எறங்கல. சும்மா இருக்கும்போது 8 வாட்.

வாட்டுவாத்தியார்:
அப்போ உங்க போர்டும் லிமிட்ட தூக்கிவிட்ட ரகம்தான். இப்ப தோராயமா கூட்டுவோம்: சிபியு 75, சும்மா இருக்குற கிராபிக்ஸ் கார்டு 15, மதர்போர்டும் அதோட சில்லறையும் ஒரு 20, ரேம் 6, ஹார்ட் டிஸ்க் 6, ஃபேன் எல்லாம் சேத்து 5. மொத்தம் 127. இது எஸ்எம்பிஎஸ்க்கு அந்தப் பக்கம், அதாவது பார்ட்ஸ் கேக்குறது. செவுத்து பிளக்ல பாத்தா இதவிட கூட இருக்கும், ஏன்னா எஸ்எம்பிஎஸ்ஸே கொஞ்சத்த சூடா மாத்தி வீணாக்கும். 85 சதவீதம் எஃபிசியன்சின்னு வெச்சா 127 / 0.85, கிட்டத்தட்ட 150 வாட். 8 மணி நேரத்துக்கு 1.2 யூனிட். மானிட்டர ஆஃப் பண்ணிட்டுத் தூங்கினீங்கன்னா அவ்ளோதான்.

ஃபேன்சத்தம்:
இவ்ளோ கூட்டல் எதுக்கு, கிளாம்ப் மீட்டர் இருந்தா பவர் கார்டுல மாட்டி ஆம்பியர் பாத்து வோல்டேஜால பெருக்குனா முடிஞ்சுது

சாலிடர்புகை:
@ஃபேன்சத்தம் கார்டு மேல அப்படியே மாட்டுனா ஜீரோ காட்டும் தலைவரே, போற ஒயரும் வர்ற ஒயரும் ஒண்ண ஒண்ணு அடிச்சிடும், ஒரு ஒயர மட்டும் பிரிச்சுத்தான் மாட்டணும், அதுக்காக கார்டோட தோல உரிக்கிற வேலையெல்லாம் தயவுசெஞ்சு வேணாம். அப்படியே ஆம்பியர் கெடச்சாலும் வோல்டேஜால பெருக்குனா வர்றது விஏ (வோல்ட்-ஆம்பியர்), வாட் இல்ல. பவர் ஃபேக்டரையும் (விஏல நெசமா வாட்டா ஆகுற பங்கு) சேத்து பெருக்கணும், சிஸ்டம் சும்மா இருக்கும்போது அது எறங்கிக் கெடக்கும், அதனால நெசத்தவிட கூடத்தான் காட்டும். 600 விஏ யூபிஎஸ் வாங்கிட்டு 600 வாட் வரும்னு நெனச்சு ஏமாந்த ஆள்ல நானும் ஒருத்தன்.

பிளக்குல சொருகுற வாட் மீட்டர் வாங்குனா நல்லது. இல்லன்னா செலவே இல்லாத வழி ஒண்ணு இருக்கு, வீட்டு கரண்ட் மீட்டர். டிஜிட்டல் மீட்டர்னா சின்னதா ஒரு சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு இத்தன மின்னல்னு அச்சடிச்சிருக்கும். 3200னு இருந்தா ஒரு மின்னலுக்கு 1.125 வாட்-ஹவர். மத்ததெல்லாம் ஆஃப் பண்ணிட்டு ஃபோன் ஸ்டாப்வாட்ச்ல 10 மின்னலுக்கு எத்தன நொடின்னு பாருங்க, பத்தால வகுங்க, வாட் = 1.125 x 3600 / ஒரு மின்னலுக்கான நொடி, அதாவது 4050 / நொடி.

வாட்டுவாத்தியார்:
@சாலிடர்புகை ஒரு நிமிஷம், 3600 / 3200 தான 1.125, அது வாட்-ஹவர் இல்ல, கிலோஜூல். ஒரு மின்னலுக்கு 1000 / 3200 = 0.3125 வாட்-ஹவர். அதனால 1125 / நொடி தான் சரி.

சாலிடர்புகை:
ஆமா ஆமா, தூக்கக் கலக்கத்துல ஒளறிட்டேன். 1125 / நொடி. நன்றி வாத்தியாரே 🙏

தூங்காதமௌஸ்:
செஞ்சு பாத்துட்டேன்! என் மீட்டர்லயும் 3200தான். மொதல்ல சிஸ்டமே ஆஃப்ல இருக்கும்போதும் 90 நொடிக்கு ஒரு தடவ மின்னிச்சு, என்னடான்னு தேடுனா ரவுட்டர ஆஃப் பண்ண மறந்துட்டேன். சரி இருக்கட்டும்னு அந்த 12.5 வாட்ட கழிச்சுக்கிட்டேன். ரெண்டர் ஓடும்போது 10 மின்னலுக்கு 68 நொடி, அதாவது 165, கழிச்சா 153 வாட். சும்மா இருக்கும்போது 167 நொடி, கழிச்சா 55 வாட். வாத்தியார் சொன்ன 150க்கு இவ்ளோ கிட்ட வரும்னு நெனைக்கவே இல்ல.

வாட்டுவாத்தியார்:
அதிர்ஷ்டமும் உண்டு, 10 வாட் அப்படி இப்படி போயிருந்தாலும் ஆச்சரியம் இல்ல. ஆனா இப்ப வேற ஒண்ணு பாருங்க. ரெண்டர் மாசத்துக்கு 9 ராத்திரின்னா 11 யூனிட்டு சொச்சம். பகல்ல சும்மா கெடக்குறது 55 x 10 மணி x 30 நாள், 16.5 யூனிட், மானிட்டர் தனி. வீட்ல எல்லாரும் ராத்திரிய பாத்து மொறைக்கிறாங்க, தின்னுறது பகல்.

தூங்காதமௌஸ்:
அட! அப்போ 15 நிமிஷத்துல ஸ்லீப் ஆகுற மாதிரி வெச்சிடறேன்.

சாலிடர்புகை:
வைங்க, ஸ்லீப்ல ரெண்டு மூணு வாட்தான். ஆனா ரெண்டர் போடுற ராத்திரி மட்டும் அத எடுத்துவிட்டுடுங்க, மௌஸ யாரும் தொடலைன்னா வேலை ஓடுதா இல்லயான்னு பாக்காம தூங்கப்போயிடலாம்.

தூங்காதமௌஸ்:
இத நேத்தே சொல்லியிருக்கலாம். 240 ஃப்ரேம்ல 12வதுல தூங்கிடுச்சு 😭