ஓல்ட் ஃபால் ரிவர் ரோடு: வாடகைக் காரில் ஏறலாமா? அப்பா அம்மாவும் வருகிறார்கள்

டல்லாஸ்வாசி:
வணக்கம். ஜூலை கடைசி வாரம் கொலராடோ போகிறோம். ராக்கி மவுண்டன் தேசியப் பூங்காவில் எல்லாரும் டிரெயில் ரிட்ஜ் ரோட்டிலேயே ஏறி அதிலேயே இறங்குகிறார்கள். எனக்கு அதிகம் பேர் போகாத ஓல்ட் ஃபால் ரிவர் ரோட்டில் ஏறி, டிரெயில் ரிட்ஜில் இறங்க ஆசை. ஆனால் சரளைக்கல் ரோடு, ஓரத்தில் தடுப்பும் கிடையாது என்கிறார்கள். கையில் இருக்கப்போவது வாடகைக்கு எடுத்த காம்ரி. பாதியில் பயம் வந்தால் திரும்பிவிடலாமா? ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு பிபி உண்டு. உயரம் ஒத்துக்கொள்ளுமா?

டென்வர்க்காரன்:
திரும்ப முடியாது. எண்டோவேலி என்ற இடத்தில் சரளை தொடங்கியதும் அது ஒருவழிப் பாதை, மேல் நோக்கி மட்டும்தான். ரோடு மொத்தம் சுமார் 11 மைல். வேக வரம்பு 15 மைல். முடியும் இடம் 11,796 அடியில் ஆல்பைன் விசிட்டர் சென்டர். எதிரே வண்டி வராது என்பதே பெரிய நிம்மதி. மழை இல்லாவிட்டால் சாதாரண கார் போதும், ஃபோர் வீல் டிரைவ் தேவையில்லை. 25 அடிக்கு மேல் நீளமான வண்டிக்கும் டிரெய்லருக்கும்தான் தடை.

1920இல் இந்த ரோடு திறந்தபோது, ஏற்றம் செங்குத்தான இடங்களில் ஃபோர்டு மாடல் டி கார்களை ரிவர்ஸில் ஏற்றினார்களாம். பெட்ரோல் டாங்கிலிருந்து எஞ்சினுக்குத் தானாக வழிந்து இறங்கும் அமைப்பு; மூக்கு மேலே தூக்கினால் பெட்ரோல் வராது. உங்கள் காம்ரிக்கு அந்தக் கவலை இல்லை. காற்று மெல்லியதாக இருப்பதால் வண்டி கொஞ்சம் சோம்பலாக இழுக்கும், அவ்வளவுதான்.

சக்கரம்:
காம்ரி ஏறும். வாடகை ஒப்பந்தம் ஏறுமா என்று பாருங்கள். தார் போடாத ரோட்டில் ஓட்டக்கூடாது என்று பல நிறுவனங்கள் எழுதியே வைத்திருக்கின்றன. அதை மீறினால் காப்பீடு கைவிரித்துவிடும். ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் டிக்கியைத் திறந்து பாருங்கள். பல புதுக் கார்களில் அந்தக் குழியில் ஒரு பசை பாட்டிலும் சின்ன பம்பும்தான் இருக்கும். டயரின் பக்கவாட்டில் கல் கிழித்துவிட்டால் அது உதவாது. அங்கே போன் சிக்னலை நம்பாதீர்கள்.

டல்லாஸ்வாசி:
ஒப்பந்தத்தைப் படித்தேன், தார் ரோடு மட்டும் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. 15 மைல் வேகத்தில் போகிறவனை யார் பார்க்கப் போகிறார்கள்?

சக்கரம்:
ஒன்றும் ஆகாதவரை யாரும் பார்க்க மாட்டார்கள். இழுவை வண்டி வரும்போது எந்த இடத்திலிருந்து இழுத்தார்கள் என்று ரசீதில் இருக்கும்.

மலைநாட்டுப் பெண்:
அப்பா அம்மாவோடு போவதால் ஒரு யோசனை. எஸ்டெஸ் பார்க் ஊரில் ஜீப் சுற்றுலா நடத்துகிறார்கள், ஓல்ட் ஃபால் ரிவர் ரோட்டிலும் அழைத்துப் போகிறார்கள். ஓட்டும் வேலை இல்லாததால் நீங்களும் வெளியே பார்க்கலாம். காஸம் அருவி ரோட்டுக்குக் கீழே, சின்ன இறக்கத்தில் இருக்கிறது. மூட்டு வலி உள்ளவர்களுக்குப் படி இறங்குவது சிரமம். மேலே மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில் கண் திறந்து இருங்கள், எல்க் மான்கள் கூட்டமாக மேயும்.

உயரம் விஷயத்தில், அப்பாவின் டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். டல்லாஸிலிருந்து வந்த அன்றே மேலே ஏற வேண்டாம். ஒரு ராத்திரியாவது எஸ்டெஸ் பார்க்கில் தங்குங்கள், அதுவே 7,500 அடி. மேலே ஆக்ஸிஜன் கடல்மட்டத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நாங்கள் கொண்டுபோன முறுக்கு பாக்கெட் அங்கே தலையணை மாதிரி உப்பி நின்றது! தலைவலி, வாந்தி வந்தால் போட்டோ எடுக்க நிற்காமல் கீழே இறங்குங்கள்.

டென்வர்க்காரன்:
ஜீப் யோசனைதான் சரி. சொந்தக் காரில் போகிறவர்களுக்கு ஒன்று: ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் பிரேக் தீய்ந்த வாடை வரும். டிரெயில் ரிட்ஜில் இறங்கும்போது எஞ்சினே வேகத்தைப் பிடித்து வைக்கும்படி, கியரை L, S, B என்று உங்கள் வண்டியில் எது இருக்கிறதோ அதற்கு மாற்றுங்கள். கொலராடோவின் இன்னொரு மலையான பைக்ஸ் பீக்கில் இறங்குகிறவர்களை நிறுத்தி பிரேக் சூட்டை அளப்பார்கள். இங்கே நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், ஜூலையில் மதியத்துக்கு மேல் இடி மின்னல் வழக்கம். காலையிலேயே போய்விடுங்கள்.

டல்லாஸ்வாசி:
ரொம்ப நன்றி. காலை ஜீப்புக்குப் பேசிவிட்டேன். மறுநாள் காம்ரியில் டிரெயில் ரிட்ஜ் மட்டும். அதற்கு முன்பதிவு வேண்டுமா?

மலைநாட்டுப் பெண்:
சமீப ஆண்டுகளில் கோடைக்காலத்தில் காலை 9 முதல் மதியம் 2 வரை உள்ளே நுழைய நேரம் குறித்த அனுமதி வேண்டியிருந்தது. 9 மணிக்கு முன்பே வாயிலைத் தாண்டினால் தேவைப்படவில்லை. இந்த ஆண்டு விதியைப் பூங்காவின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜீப் திறந்த வண்டியாக இருந்தால் அம்மாவுக்கு ஸ்வெட்டர், காதுக்கு மஃப்ளர் மறக்க வேண்டாம். ஜூலைதானே என்று விட்டுவிடாதீர்கள்.