மழைக்கு நிறுத்திய கரண்ட் எங்கள் போர்ஷனுக்கு மட்டும் வரவில்லை. பூட்டை உடைக்கலாமா?

வேளச்சேரி மாடிவீடு:

வணக்கம். வேளச்சேரியில் மூன்று போர்ஷன் உள்ள வீட்டில், முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். நேற்று முன்தினம் இரவு பத்தரைக்குத் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியதும் ஏரியா முழுக்க மின்சாரத்தை நிறுத்திவிட்டார்கள். அது புரிகிறது. இன்று மதியம் தண்ணீர் வடிந்து எதிர் வரிசைக்கு கரண்ட் வந்துவிட்டது. எங்கள் கட்டிடத்திலேயே கீழ் வீட்டில் ஃபேன் சுற்றுகிறது. எங்களுக்கு மட்டும் இல்லை.

மீட்டர் போர்டு படிக்கட்டுக்கு அடியில், கிரில் போட்டுப் பூட்டிய அறையில் இருக்கிறது. சாவி ஹவுஸ் ஓனரிடம். போன் செய்தால், "இ.பி. ஆளுங்க வந்து பார்த்தப்புறம்தான் போடணும்" என்கிறார். இரண்டு மாதமாக அவருக்கும் எங்களுக்கும் சப்-மீட்டர் கணக்கில் தகராறு ஓடுகிறது. யூனிட்டுக்கு 9 ரூபாய் கேட்கிறார். பில்லைக் காட்டுங்கள், கட்டுகிறேன் என்று சொல்லி அந்தப் பணத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். அந்தக் கோபம்தானோ என்று தோன்றுகிறது.

மோட்டார் சுவிட்சும் அதே அறைக்குள். மேல் தொட்டியில் இனி ஒரு நாளைக்குத்தான் தண்ணீர். அம்மாவின் இன்சுலின் ஃபிரிட்ஜில் இருக்கிறது. பூட்டை உடைத்து நானே மெயினைப் போட்டுவிடலாமா? யாரிடம் போவது?

பழைய ஃபோர்மேன்:

தம்பி, பூட்டில் கை வைக்காதீர்கள். சட்டத்துக்காகச் சொல்லவில்லை, உங்கள் உயிருக்காகச் சொல்கிறேன். ஹெல்பராகச் சேர்ந்து, வயர்மேனாகி, ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவன் நான். 31 வருட சர்வீஸ். முழங்கால் தண்ணீர் நின்ற வீட்டில் படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் மீட்டர் போர்டை, காய்ந்துவிட்டதா என்று பார்க்காமல் யாரும் தொடக் கூடாது.

கரண்ட் போனால் முதலில் யார் நிறுத்தினார்கள் என்று பாருங்கள். ஆபத்துக்காக மின்வாரியம் நிறுத்துவது ஒன்று, பில் பாக்கிக்காக நிறுத்துவது இன்னொன்று, வீட்டுக்காரர் நிறுத்துவது வேறொன்று. மூன்றுக்கும் தட்ட வேண்டிய கதவு வேறு வேறு.

உங்கள் கதையில் விடை இருக்கிறது. கீழ் வீட்டில் ஃபேன் ஓடுகிறது, உங்களுக்கோ சப்-மீட்டர். அப்படியென்றால் கட்டிடத்துக்கு ஒரே இணைப்பாகத்தான் இருக்க வேண்டும், அதில் சப்ளை வந்துவிட்டது. வாரியத்தின் பொறுப்பு மீட்டர் வரைதான். சப்-மீட்டரும் அதற்கு அப்புறம் உள்ள வயரிங்கும் கட்டிடக்காரருடையவை. அதைப் பார்த்துக் கொடுக்க இ.பி. ஆள் வர வேண்டியதில்லை, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் போதும். அந்த அறைக்குள் உங்கள் மெயின் இறக்கியிருக்கும், அல்லது ஃப்யூஸ் கேரியரை (ஃப்யூஸ் கம்பி இருக்கும், கையால் கழற்றும் கட்டையை) ஓனர் பிடுங்கியிருப்பார், அல்லது உண்மையிலேயே ஈரம் இறங்கி ட்ரிப் ஆகியிருக்கும். மூன்றாவதற்கும் வாய்ப்பு இருக்கிறது, அவர்மேல் பழி போடும் முன்பு அதையும் நினைத்துப் பாருங்கள்.

இப்போதே மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987-இல் கூப்பிடுங்கள். 2021-இல் தொடங்கியது, 24 மணி நேரமும் எடுப்பார்கள். மின் இணைப்பு எண்ணைக் கேட்பார்கள், கீழ் வீட்டுக்காரரிடம் வாங்கிக்கொள்ளுங்கள். "எங்கள் கட்டிடத்துக்கு சப்ளை கொடுத்தாகிவிட்டதா?" என்ற ஒரே கேள்விதான். ஆமாம் என்றால், அந்தப் பதிலையும் புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதி ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்புங்கள். எலக்ட்ரீஷியன் கூலியை நீங்களே தருவதாகவும் சேர்த்து எழுதுங்கள். அதற்கும் திறக்காவிட்டால் அவர் காரணம் வேறு என்பது எழுத்திலேயே நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மழைக்கும் "ஏன் நிறுத்துகிறார்கள்" என்று கோபப்படுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். 2015 டிசம்பர் 1 ராத்திரி நான் தென்சென்னையில் டூட்டியில் இருந்தேன். ஒரு தெருமுனையில், வீடுகளுக்கு லைன் பிரியும் பில்லர் பாக்ஸ் பெட்டியின் கதவில் கீழ்க் கீல் வரை தண்ணீர். உள்ளே இருந்து தேனீக்கூட்டம் மாதிரி ஒரு ரீங்காரம். எதிர் மாடியில் நின்ற அம்மா, "பெரியவருக்கு ஆக்ஸிஜன் மெஷின் ஓடுது, அஞ்சு நிமிஷம் பொறுங்க" என்று கத்தினார். பொறுக்க முடியாது. அதே தண்ணீரில் இருபது பேர் நடந்துகொண்டிருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மரில் மொத்த சப்ளையையும் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சை இறக்கிவிட்டு, நாங்கள் நாலு பேர் மேலே ஏறி, பெரியவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை போனோம். அந்த அம்மாவின் குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் அன்று நிறுத்தியது சரிதான்.

தண்ணீர் வடிந்த உடனே கொடுத்துவிடவும் முடியாது. பெட்டியிலிருந்து சேற்றை எடுக்க வேண்டும், காய வைக்க வேண்டும், மெக்கர் கருவி போட்டு எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் தெருவில் யாராவது சேஞ்ச்ஓவர் (லைனைப் பிரித்துவிடும் சுவிட்ச்) இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு மெயினில் சொருகியிருந்தால், அது லைனுக்குத் திரும்பி ஏறும். எல்.சி. (லைனில் கரண்ட் இல்லை என்ற அனுமதி) வாங்கிவிட்டோம் என்று நம்பிக் கம்பத்தில் இருப்பவன் செத்துப்போவான். தயவுசெய்து இதை உங்கள் தெரு குரூப்பில் போடுங்கள்.

மருந்தாளுநர்:

இன்சுலினைப் பற்றிப் பதற வேண்டாம். பயன்பாட்டில் இருக்கும் குப்பியை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் வைத்தால் பெரும்பாலான வகைகள் சுமார் 28 நாள் தாங்கும், அட்டையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். திறக்காத குப்பிகளை கரண்ட் உள்ள வீட்டு ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். கையில் இருப்பதை ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானைக்குள், பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு வையுங்கள். ஐஸ் மேல் நேராக வைக்காதீர்கள், உறைந்தால் வீணாகிவிடும்.

அம்பத்தூர் டீச்சர்:

எங்களுக்கும் இதே அனுபவம், ஆனால் மழை இல்லாத நாளில். வீட்டைக் காலி செய்யச் சொல்லி மோட்டாரை நிறுத்திவிட்டார்கள். பதினோரு நாள் தெருக் குழாயிலிருந்து மாடிக்குக் குடம் சுமந்தேன்.

தமிழ்நாட்டில் வீட்டு வாடகைக்கென 2017-இல் போட்ட சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடப்பில் இருக்கிறது. அதன் 20-ஆவது பிரிவு, வாடகைத் தகராறு எதுவானாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக் கூடாது என்கிறது. வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்தால், விசாரணை முடியும் முன்பே இணைப்பைத் திரும்பத் தரச் சொல்லி இடைக்கால உத்தரவு போடலாம். எங்கள் ஒப்பந்தம் பதிவாகி எண் வாங்கியிருந்ததால் மனு நேராக உள்ளே போனது. உங்களுடையது பதிவானதா? இல்லையென்றால் மழை விட்டதும் முதல் வேலை அதுதான். பூட்டிய கிரில், ஓடும் கீழ் வீட்டு ஃபேன், இரண்டும் தெரிய வீடியோ எடுத்து வையுங்கள்.

தண்ணீருக்கு குடிநீர் வாரியம் 044-4567 4567.

அப்புறம், 9 ரூபாய் தகராறு உங்களுக்கும் ஓனருக்கும் இடையிலானது. அதற்காக மொத்த பில்லும் நின்றுபோக விடாதீர்கள். பாக்கி விழுந்தால் மின்வாரியமே நிறுத்தும், அங்கே உங்கள் நியாயம் செல்லாது.

பழைய ஃபோர்மேன்:

டீச்சர் சொல்வது சரி. ஆனால் பாக்கிக்காக நிறுத்தவும் முறை இருக்கிறது. 2003 மின்சாரச் சட்டம் பிரிவு 56 படி, எழுத்தில் நோட்டீஸ் கொடுத்து முழுசாக 15 நாள் விட வேண்டும். கேட்ட தொகையில் சந்தேகம் இருந்தால், அதையோ கடந்த ஆறு மாத சராசரியையோ, எது குறைவோ அதை ஆட்சேபத்தோடு கட்டலாம். கட்டிவிட்டால், தகராறு முடியும் வரை நிறுத்தக் கூடாது. "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்" என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்குவதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள்.

வேளச்சேரி மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. மின்னகத்தில் கேட்டேன், சப்ளை மதியமே கொடுத்தாகிவிட்டது என்றார்கள். ஐயா சொன்னபடியே எழுதி ஓனருக்கு அனுப்பினேன். ஒரு மணி நேரம் பதில் இல்லை. அப்புறம் அவர் மகன் சாவியோடு வந்தார், எலக்ட்ரீஷியனையும் கூட்டி வந்தேன். எங்கள் ஃப்யூஸ் கேரியர் இரண்டும் பக்கத்து அலமாரியில், காய்ந்த துணியில் சுற்றி இருந்தன. மகன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சப்-மீட்டருக்கு அடியில் சுவர் ஈரமாக இருப்பதால் எலக்ட்ரீஷியன் இன்னும் போடவில்லை, டேபிள் ஃபேன் வைத்துக் காய வைக்கிறார். மோட்டாரை மட்டும் ஓட்டித் தொட்டி நிரப்பியாகிவிட்டது. ஒப்பந்தம் பதிவாகவில்லை. திங்கட்கிழமை அதைப் பார்க்கிறேன்.

பழைய ஃபோர்மேன்:

நல்ல எலக்ட்ரீஷியன், அவர் நம்பரை வைத்துக்கொள்ளுங்கள். கேரியரைச் சொருகும் முன் உங்கள் போர்ஷனுக்கு ஈ.எல்.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் 30 மில்லியாம்ப் ஒன்று இன்றைக்கே போடச் சொல்லுங்கள். இருந்தால், கரண்ட் வந்ததும் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். சுவிட்ச் தானாக விழவில்லை என்றால் அதை மாற்றும் வரை மெயினை இறக்கி வையுங்கள்.