பொழுதோட ஆனால் கட்டுத்தரை கேமரா மட்டும் ஆஃப்லைன். யாராவது வழி சொல்லுங்க

கொறங்காட்டுக்காரன்:
எல்லோருக்கும் வணக்கமுங்க. ஊர் காங்கயம் பக்கம். தோட்டத்துக்குள் வீடு, பக்கத்து வீட்டுக்கு இட்டேரியில் அரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் மட்டும் இருக்கிறார்கள், எனக்குக் கோயமுத்தூரில் வேலை. தோட்டத்து வீடுகளில் தனியாக இருக்கும் பெரியவர்களைப் பற்றி வருகிற செய்திகளைப் படித்துப் படித்துத் தூக்கம் கெட்டு, மூன்று மாதம் முன்பு நாலு வைஃபை கேமரா மாட்டினேன். மூன்று நன்றாக ஓடுகின்றன. மாடு கட்டும் கட்டுத்தரைத் தூணில், வண்டித்தடத்தைப் பார்த்து மாட்டிய நாலாவதுதான் பாடாய்ப் படுத்துகிறது.

பொழுதோட ஆறே முக்கால் வாக்கில் ஆஃப்லைன் ஆகிவிடும். ராத்திரி நடுவில் ஒரு நிமிஷம் தலை காட்டும், மறுபடி போய்விடும். விடிந்தால் ஒன்றும் நடக்காத மாதிரி படம் தெரியும். சில நாள் மத்தியானத்திலும் ஆஃப்லைன் என்று வருகிறது. ரூட்டரை அணைத்துப் போட்டாயிற்று, ஆப்பை அழித்து மறுபடி ஏற்றியாயிற்று, ரீசெட் பொத்தானை அப்பாவை விட்டு மூன்று முறை அழுத்தச் சொல்லியாயிற்று. கேமரா வாங்கின கடையில் நெட் பிரச்சினை என்கிறார்கள். நெட்காரர் கேமரா பிரச்சினை என்கிறார். ராத்திரிக்குத்தானே இதை மாட்டினதே!

ரூட்டர் ராசா:
இந்த வகைக் கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டும்தான் பிடிக்கும். உங்கள் ரூட்டர் 2.4-ஐயும் 5-ஐயும் ஒரே பெயரில் விட்டால் கேமரா குழம்பும். இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள். வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று இருந்தால் டபிள்யூபிஏ2-க்கு இறக்குங்கள். கேமரா இருக்கும் இடத்தில் சிக்னல் எவ்வளவு என்று ஆப்பிலேயே தெரியும், பார்த்துச் சொல்லுங்கள். மைனஸ் எண்ணில் வரும், எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மோசம். மைனஸ் 80-ஐ ஒட்டி இருந்தால் தூரம்தான் காரணம். நடுவில் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ஒரு ரிப்பீட்டர் போட்டால் தீர்ந்தது.

கொறங்காட்டுக்காரன்:
பெயர் பிரித்துவிட்டேன் அண்ணா. டபிள்யூபிஏ2 முதலிலிருந்தே அதுதான். சிக்னல் மைனஸ் 61. நேற்று ராத்திரியும் அதே கதை. ரிப்பீட்டர் வாங்கட்டுமா?

சாலிடர் அக்கா:
காசை எடுக்காதே தம்பி, கொஞ்சம் பொறு. மைனஸ் 61 நல்ல சிக்னல். பகல் முழுக்க ஓடுகிறது, இருட்டினால் போகிறது என்றால் வைஃபைக்கு ராத்திரி கண் தெரியாதா என்ன? இருட்டினதும் மாறுவது ஒன்றுதான்: இருட்டில் படம் எடுக்கக் கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்குகள் எரிய ஆரம்பிக்கும். அதற்குக் கூடுதல் கரண்ட் வேண்டும்.

மூன்று விஷயம் சொல். ஆஃப்லைன் ஆகும்போது கேமராவின் சின்ன விளக்கு எரிகிறதா, அணைந்தே போகிறதா? அதற்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது, வயர் எவ்வளவு நீளம்? மத்தியானம் போகும்போது இது ஒன்று மட்டும் போகிறதா, நாலும் போகிறதா? ஆப் எல்லாவற்றுக்கும் ஆஃப்லைன் என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்லும். வைஃபை விட்டுப் போனாலும் அதுதான், கேமராவே செத்துப் போனாலும் அதுதான்.

அப்புறம் ஒரு சோதனை. பட்டப்பகலில் கேமராவை எதையாவது வைத்து மூடி இருட்டாக்கச் சொல்.

கொறங்காட்டுக்காரன்:
அக்கா, கும்பிடறேன். இன்று காலை பதினோரு மணிக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா போனைக் காதில் வைத்துக்கொண்டே தீவனச் சாக்கை மடித்துக் கேமராவின் மேல் கவிழ்த்தார். உள்ளே டிக் என்று ஒரு சத்தம். சாக்கின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்து, "செவசெவன்னு புள்ளி புள்ளியா எரியுது சாமி" என்றார். அடுத்த மூச்சிலேயே "அட, அணைஞ்சு போச்சு" என்றார். கொஞ்ச நேரத்தில் கேமரா இங்கிலீஷில் ஏதோ பேசியது எனக்கே போனில் கேட்டது. முதல் தடவை கரண்ட் கொடுத்தபோது பேசிய அதே வாசகம்! மறுபடி டிக், மறுபடி செவப்பு, மறுபடி அணைந்தது. நாலு சுற்று இப்படியே. சாக்கை எடுத்தார், படம் வந்து நின்றுவிட்டது. மாடு ஒன்று சாக்கைப் பார்த்துத் தீவனம் என்று நினைத்துக் கத்தியது தனிக் கதை.

வயர்: திண்ணை பிளக்கில் அடாப்டர், அங்கிருந்து கடையில் வாங்கின 5 மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர், அதன் முனையில் கேமராவின் வயர். மற்ற மூன்றுக்கும் அடாப்டர் பக்கத்திலேயே இருக்கிறது. மத்தியானம் போவது... இப்போது ஆப்பில் பார்த்தேன், நாலும் சேர்ந்துதான் போகிறது. இதை நான் கவனிக்கவே இல்லை.

சாலிடர் அக்கா:
அப்படியானால் உனக்கு இருப்பது இரண்டு வியாதி. ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டாய்.

முதலில் ராத்திரி வியாதி. மலிவான யூஎஸ்பி வயருக்குள் கரண்ட் போகும் கம்பி பெரும்பாலும் 28 கேஜ், தடிமன் அரை மில்லிமீட்டர்கூட வராது. சுத்தச் செம்பாக இருந்தாலும் மீட்டருக்கு 0.21 ஓம். போக 5, வர 5, ஆக 10 மீட்டருக்கு 2.1 ஓம். பகலில் கேமரா கால் ஆம்பியர் இழுத்தால் அடாப்டர் கொடுக்கும் 5 வோல்ட்டில் அரை வோல்ட் வழியிலேயே போகும், நாலரை வோல்ட் போய்ச் சேரும். கேமரா எப்படியோ சமாளிக்கும். ராத்திரி விளக்கோடு சேர்த்து 0.6 ஆம்பியர் இழுத்தால் 1.26 வோல்ட் போச்சு. மிஞ்சுவது 3.7. கேமரா படுத்துவிடும். படுத்ததும் விளக்கு அணையும், வோல்ட் ஏறும், எழுந்திருக்கும், விளக்கைப் போடும், படுக்கும். விடிய விடிய இதுதான்.

சொட்டுநீர்க் குழாய் மாதிரி நினைத்துக்கொள். குழாய் நீளம், விட்டம் சின்னது. மேலே இன்னொரு வால்வைத் திறந்தால் கடைசித் தென்னைக்குத் தண்ணீர் ஏறாது. அங்கே மோட்டாரைப் பெரிசு பண்ணிப் புண்ணியமில்லை. இங்கேயும் 3 ஆம்பியர் அடாப்டர் போடு என்று யாராவது வருவார்கள், கேட்காதே. அடாப்டரின் வாயில் 5 வோல்ட் சரியாகத்தான் இருக்கிறது.

உறுதி வேண்டுமென்றால் இன்றைக்குப் பொழுதோட ஆப்பில் நைட் விஷனை மட்டும் அணைத்து வை, அந்த விளக்குகள் எரியாது. அப்போது கேமரா போகாமல் நின்றால் வயர்தான் காரணம்.

பிஓஇ பக்தன்:
நான் சொல்வது பழைய பாட்டு: வெளியில் மாட்டும் கேமராவுக்கு வைஃபையே வேண்டாம். பிஓஇ கேமரா வாங்கினால் ஒரே லேன் கேபிளில் கரண்டும் படமும் போகும். 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் இந்த நஷ்டமெல்லாம் பெரிதாகத் தெரியாது, 100 மீட்டர் வரை தாங்கும்.

சாலிடர் அக்கா:
நல்ல யோசனைதான். ஆனால் இருக்கிற கேமரா நல்ல கேமரா. அதை ஏன் தூக்கிப் போட வேண்டும்?

கொறங்காட்டுக்காரன்:
நைட் விஷனை அணைத்தேன். விடிய விடிய ஆன்லைன். படம் மட்டும் கரி.

கட்டுத்தரையில் பல்பு லைன் ஏற்கெனவே இருக்கிறது. அதிலிருந்து ஒரு பிளக் எடுத்து அடாப்டரைத் தூணுக்கே கொண்டுபோனால் சரியாகுமா?

சாலிடர் அக்கா:
சரியாகும், நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். ஆனால் எலக்ட்ரீசியனை வைத்துச் செய். கட்டுத்தரை ஈரமான இடம், மாட்டுக்கு மனிதனைவிடச் சின்ன ஷாக்கே போதும். மாடு தலையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில், பைப்புக்குள் வயர், மூடி போட்ட பெட்டிக்குள் பிளக். அந்த லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் முதலில் அதைப் போட்டுவிட்டு மற்ற வேலையைப் பார்.

பம்ப்செட் மாமா:
மத்தியான வியாதிக்கு நான் வருகிறேன் மாப்ளே. த்ரீ பேஸ் வந்து போர் மோட்டார் ஓடும் நேரமா அது? நேராக ஸ்டார்ட் செய்கிற மோட்டார் கிளம்பும்போது ஓடும் கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அந்த நொடி வீட்டு லைனிலும் வோல்டேஜ் இறங்கும். பல்பு ஒரு சிமிட்டு சிமிட்டும், பார்த்திருப்பீர்கள். ரூட்டரின் பழைய அடாப்டர் அதைத் தாங்காமல் ரூட்டர் அணைந்து எழுந்திருக்கும். எங்கள் வீட்டிலும் இதே கூத்துதான். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் ஒரு மினி யூபிஎஸ் (கரண்ட் இறங்கினாலும் பேட்டரியில் ஓட்டும் சின்னப் பெட்டி) போட்டேன், அதோடு நின்றது. வாங்குமுன் இரண்டு அடாப்டரிலும் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள், பெரும்பாலும் 12.

ரூட்டர் ராசா:
ரிப்பீட்டர் சொன்ன வாயால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். ரூட்டரில் வைஃபை சேனலை ஆட்டோவில் விடாதீர்கள். எழுந்திருக்கும்போது அது சில நேரம் 12, 13-க்குப் போய் உட்காரும். நம் நாட்டில் அது சரிதான், ஆனால் 11 வரைக்கும்தான் தேடும் கேமராக்களும் இருக்கின்றன. 1, 6, 11-இல் ஒன்றை நிலையாக வையுங்கள்.

கொறங்காட்டுக்காரன்:
ஒரு வாரம் கழித்து வருகிறேன். மாமா சொன்னது சரி, மோட்டார் போடும் நிமிஷமும் கேமராக்கள் போன நிமிஷமும் ஒன்றாகவே இருந்தன. மினி யூபிஎஸ் போட்டாயிற்று, சேனல் 6. தூணில் பெட்டி வைத்து எலக்ட்ரீசியன் அடாப்டரை அங்கே மாற்றிவிட்டார், ஆர்சிசிபியும் புதிதாகப் போட்டார். ஏழு ராத்திரியும் ஒரு தடவைகூடப் போகவில்லை. இப்போது ஒரே தொல்லை, விடியற்காலை ஐந்து மணிக்கு மயில் வந்து தடத்தில் நிற்கிறது, போன் அடிக்கிறது.

சாலிடர் அக்கா:
மயிலுக்கு ஆப்பில் மனித உருவம் மட்டும் என்று மாற்று. பெட்டிக்குள் பைப்பு எந்தப் பக்கத்திலிருந்து நுழைகிறது? மேலிருந்து என்றால் மழைத் தண்ணி பைப்பு வழியாகவே உள்ளே இறங்கும்.

கொறங்காட்டுக்காரன்:
மேலிருந்துதான் அக்கா. ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன், எலக்ட்ரீசியனை வரச்சொல்லிக் கீழ்ப்பக்கமாக மாற்றிவிடுகிறேன்.