வெளிநாடு போன மலையகப் பிள்ளைகளுக்கு: மாதக் கணக்கை எதில் எழுதுவது?

தோஹா, துபாய் என்று புதிதாகப் போயிருக்கும் தம்பி தங்கச்சிமார் அடிக்கடி கேட்பது, "அக்கா, செலவுக் கணக்குக்கு எந்த ஆப் நல்லது?" கத்தாரில் வேலை செய்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பியவள் நான். இப்போது தம்பி அனுப்பும் பணத்துக்கு இங்கிருந்து கணக்குப் பார்க்கிறேன். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

ஆப் தேடும் முன் ஒன்றை யோசியுங்கள். உங்கள் சம்பளத்தில் பெரும் பங்கு செலவாவது தோஹாவில் இல்லை, பொகவந்தலாவையிலும் மஸ்கெலியாவிலும்தான். வீட்டில் இருப்பவர் பார்க்கவோ எழுதவோ முடியாத கணக்கு பாதிக் கணக்குத்தான்.

முதலில் முறை. யூடியூபில் எல்லோரும் 50-30-20 சொல்கிறார்கள்: தேவைக்குப் பாதி, விருப்பத்துக்கு 30 வீதம், சேமிப்புக்கு 20 வீதம். சம்பாதிக்கும் ஊரிலேயே குடும்பமும் இருப்பவருக்கு அது சரி. அடகு நகை மீட்பதும், ஏஜென்சிக்காக வாங்கிய கடனும், தங்கச்சியின் டியூஷன் காசும் அந்த மூன்றில் எதற்குள் போகும்? நமக்குப் பொருந்துவது கவர் முறை. சம்பளம் கைக்கு வந்த அன்றே சாப்பாடு, ஃபோன், வீட்டுக்கு, கடன் என்று தனித்தனிக் கவராக முழுவதையும் பிரித்துவிட வேண்டும். ஒரு கவர் தீர்ந்தால் இன்னொன்றிலிருந்து எடுக்கலாம், ஆனால் எதிலிருந்து எடுத்தோம் என்று எழுத வேண்டும்.

இதில் பலர் விடுவது வருடச் செலவுக் கவரை. தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுத்துவிட்டு, பிறகு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள் அல்லவா? அதை அப்படியே திருப்பிப் போடுங்கள். தீபாவளி, கோயில் திருவிழா வரி, பிள்ளைகளின் புதுக் கொப்பி சப்பாத்து, நீங்கள் ஊர் வரும் டிக்கெட், எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து மாதாமாதம் ஒதுக்குங்கள். தீபாவளி மாதத்தில் கைமாற்று வாங்க வேண்டி வராது.

இப்போது கருவி. பழைய வீடியோக்களில் வரும் மின்ட் (Mint) என்ற ஆப் 2024 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது, தேடாதீர்கள். ஒய்நாப் (YNAB) என்ற ஆப் கவர் முறைக்காகவே செய்தது, நன்றாகவும் இருக்கிறது. ஆனால் சந்தா டாலரில், அதுவும் ஒரு பட்ஜெட்டுக்கு ஒரே நாணயம். ரியாலும் ரூபாயும் சேர்ந்து ஓடும் நம் கணக்குக்கு அது இடைஞ்சல். குட்பட்ஜெட் (Goodbudget) என்ற ஆப்பின் இலவசப் பதிப்பில் கவர்களுக்கு வரம்பு உண்டு. இருந்தாலும் கணவன் மனைவி இரண்டு பேரும் ஆளுக்கொரு ஃபோனில் ஒரே கணக்கைப் பார்க்கலாம். தொடங்குவதற்குப் போதும்.

நான் சொல்வது கூகுள் ஷீட்ஸ். இலவசம், தமிழில் எழுதலாம், பகிரலாம். திகதி, எந்தக் கவர், ரியால், அன்றைய மாற்று விகிதம், ரூபாய் என்று ஐந்து நிரல் போதும். மாற்று விகிதத்தைக் கட்டாயம் எழுதுங்கள். கத்தார் ரியால் ஒரு டாலருக்கு 3.64 என்று மாறாமல் நிலையாக வைக்கப்பட்டது, ரூபாய் அப்படி இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டாலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அனுப்பிய அதே ரியாலுக்கு ஊரில் கூடுதல் ரூபாய் கிடைத்தது, அரிசி மா விலையும் சேர்ந்தே ஏறியது. ரூபாயை மட்டும் பார்த்திருந்தால் வருமானம் கூடியது போலத்தான் தெரியும்.

அம்மாவை ஷீட்ஸ் பழகச் சொல்லாதீர்கள். ஒரு சீ.ஆர். கொப்பி போதும். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால் நீங்கள் பதிந்துகொள்ளலாம். "இதுக்கு ஏன் இவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இரண்டு தடவை கேட்டால் மூன்றாவது கிழமை படம் வராது. லயத்து வீட்டுச் செலவு எவ்வளவு என்பதை உங்களைவிட அவருக்கு நன்றாகவே தெரியும்.

கடைசியாக இன்னொரு கவர். இங்கே வேலை என்றால் ஊழியர் சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12 வீதம் தானாகப் போகும். அங்கே அது கிடையாது. வேலையை முடிக்கும்போது பணிக்கொடை உண்டு: கத்தாரில் வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமைச் சம்பளம், அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள். இரண்டும் அடிப்படைச் சம்பளத்தில்தான் கணக்காகும், ஓவர்டைமும் சாப்பாட்டுப் படியும் சேராது. ஆகவே ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று இன்றே பாருங்கள். மாதம் சிறு தொகையையாவது உங்கள் பெயரிலேயே ஊரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். வீட்டுச் செலவுக்கு அனுப்பும் கணக்கும் இதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது.

கவர் பிரிப்பதில் சந்தேகம் இருந்தால் கேளுங்கள், சேர்ந்து பிரிப்போம். சம்பளத் திகதி, எத்தனை கடன், வீட்டில் எத்தனை பேர் என்று எழுதினால் போதும், சம்பளத் தொகையை எல்லோரும் பார்க்கும் இடத்தில் போட வேண்டாம்.