கேட்காமலே அம்மாவின் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் நடந்ததா?

வடபழனி மகன்:

போன மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு உள்நாட்டு விமானத்தில் தங்கை வீட்டுக்குக் கிளம்பினேன். அம்மாவுக்கு 68 வயது, விமானத்தில் போவது இது இரண்டாவது தடவை. எந்த ஊர் விமான நிலையம் என்பது வேண்டாம்.

வாசலில் டிராலியில் பெட்டியை ஏற்றிவிட்டு நிமிர்ந்தால், அம்மா நாலடி தள்ளி நிற்கிறார். கையில் டேப்லெட்டோடு ஒரு பெண். போர்டிங் பாஸை ஸ்கேன் செய்துவிட்டு, "அம்மா, கண்ணாடியக் கழட்டிட்டு இங்க பாருங்க" என்றார். அம்மாவும் கண்ணாடியைக் கழற்றி, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றார். ரேஷன் கார்டுக்குப் படம் எடுத்தபோதும் அப்படியேதான் நின்றார்.

"எதுக்குங்க போட்டோ?" என்று கேட்டேன்.

"உள்ள சீக்கிரம் போகலாம் சார்."

"இந்தப் படம் யார்கிட்ட போகும்?"

அவருக்குத் தெரியவில்லை. "எல்லாருக்கும் எடுக்கிறோம் சார்" என்றார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நாள் முழுக்க நின்றே பார்க்கிற வேலை, சொன்னதைச் செய்கிறார். ஆனால் உள்ளே போனதும் அம்மா என்னிடம், "கேட்டாங்க, குடுத்தேன். தப்பாடா?" என்றார். அதுதான் இன்னும் உறுத்துகிறது. தப்பு செய்தது அவரா?

வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். முகத்தைக் காட்டி உள்ளே போகும் டிஜி யாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கியது. விருப்பப்பட்டால் சேரலாம், கட்டாயமில்லை என்பதுதான் அதன் விதி. நாமே செயலியை இறக்கி, ஆதாரைச் சரிபார்த்து, செல்ஃபி எடுத்தால் அந்தத் தகவல் நம் போனிலேயே இருக்கும். பயணத்துக்கு முன் விமான நிலையத்துக்கு அனுப்புவதை, விமானம் கிளம்பி 24 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவோம் என்கிறார்கள். காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாசலில் டேப்லெட்டைப் பார்த்து நிற்கும் ஒரு அம்மாவுக்கு இதில் ஒரு வரியையாவது யார் சொன்னார்கள்?

இன்னொன்றும் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இதை நடத்தும் அறக்கட்டளை அரசுத் துறை இல்லை. லாப நோக்கமில்லாத கம்பெனியாகப் பதிவானது. இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு அதில் 26 சதவீதம்தான் பங்கு. மீதி டெல்லி, மும்பை, பெங்களூரு, ஹைதராபாத், கொச்சி விமான நிலைய நிறுவனங்கள் கையில்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. "எடுக்கலாமாம்மா?" என்று கேட்க ஐந்து விநாடி ஆகுமா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.

திருச்சி சாந்தி:

தம்பி, அம்மாகிட்ட தப்பே இல்லைன்னு முதல்ல சொல்லுங்க. யூனிபார்ம் போட்டவங்க கேட்டா குடுத்துப் பழகின தலைமுறை நாங்க.

மகள் பிரசவத்துக்காக அமெரிக்கா போய் வந்தேன். அந்த நாட்டுக்குள்ள நுழையும்போது நம்மள மாதிரி வெளிநாட்டுக்காரங்களுக்கு விரல்ரேகையும் படமும் கட்டாயம், அதுல பேச ஒண்ணுமில்லை. ஆனா அங்கேயே உள்ளூர் விமானம் ஏறப்போனப்ப, பாதுகாப்புச் சோதனையில கேமரா பக்கத்துல ஒரு பலகை இருந்துச்சு. படம் வேண்டாம்னா அதிகாரிகிட்ட சொல்லலாம்னு எழுதியிருந்தது. மகள் படிச்சுக் காட்டினா. எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல "நோ போட்டோ" என்றேன். அவர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், போகச் சொல்லிட்டார். அவ்வளவுதான். வரிசை நிக்கலை, யாரும் முறைக்கலை.

அடுத்து ஸ்கேனர். கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கும், கையைத் தூக்கிட்டு நிக்கணும். வெளியே வந்து திரையைப் பார்த்தா, பொம்மை மாதிரி ஒரு உருவம், தலைக்குப் பின்னால ஒரு மஞ்சள் கட்டம், இடுப்புல ஒண்ணு. என் கொண்டையும் புடவைக் கொசுவமும்! ஒரு பெண் அதிகாரி, எங்கே தொடப்போறேன்னு சொல்லிட்டுத்தான் தொட்டாங்க. கூச்சமா இருந்துச்சு, அவமானமா இல்லை.

அந்தப் பொம்மை உருவமே சும்மா வந்ததில்லையாம், மகள் சொன்னா. முன்னாடி வச்சிருந்த எக்ஸ்ரே மெஷின்ல உடம்பு அப்படியே தெரியுமாம். ஜனங்க எதிர்ப்புத் தெரிவிச்சு, பொது உருவம் மட்டுமே தெரியணும்னு சட்டமே வந்துச்சு. அப்படி மாத்த முடியாத மெஷினை எல்லாம் 2013-ல எடுத்துட்டாங்களாம்.

முழங்கால்:

இரண்டு முழங்காலிலும் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவள் நான். எந்த விமான நிலையத்திலும், உள்ளே வைத்த உலோகத்தால் சோதனை வாசல் கத்தும். திரைச்சீலை போட்ட அறைக்குள் கூப்பிட்டு, புடவையை முழங்கால் வரை தூக்கித் தழும்பைக் காட்டச் சொல்வார்கள். ஒரு தடவை திரை முழுசாக மூடவில்லை, வெளியே வரிசையில் நின்ற ஆண்களின் செருப்பு எனக்குத் தெரிந்தது. இழுத்து மூடுங்கள் என்றேன். "ஒரு நிமிஷந்தானே" என்று பதில். எனக்கு அது ஒரு நிமிஷம் இல்லை. இப்போதெல்லாம் முதலில் திரையை நானே இழுத்து மூடிவிட்டுத்தான் புடவையில் கை வைக்கிறேன்.

வடபழனி மகன்:

சாந்தி அக்கா, நீங்கள் எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு முறை படிக்கச் சொன்னார். 2024 தொடக்கத்தில், தெரியாமலே முகத்தைப் பதிவு செய்கிறார்கள் என்று பலர் புகார் சொன்ன செய்தியையும் காட்டினேன். "அப்ப நான் மட்டும் இல்லையா" என்றார்.

தங்கையை ஊருக்கு அனுப்ப நேற்று மறுபடி விமான நிலையம் போனோம். அம்மா உள்ளே வரவில்லை, வாசலோடு நின்றார். அதே மாதிரி டேப்லெட்டோடு ஒரு பையன் தங்கையிடம் வந்தான். அம்மா குறுக்கே வந்து, "தம்பி, இது கட்டாயமா?" என்று கேட்டார்.

பையன் ஒரு கணம் யோசித்தான். "இல்லம்மா" என்றான்.

"அப்ப அவ சீட்டையும் ஆதாரையும் பாத்துட்டு விடுப்பா."

பார்த்துவிட்டு விட்டார்கள்.